உப்புக் காற்றடிக்கும் ஊரில் ரோஜாவைத் தொட்டி மாற்றுவது எப்படி

மார்கழி பாதியில் தொடங்கி மாசி வரைக்கும் நம்ம பக்கத்துத் தெருக்களில் குட்டியானை வண்டியில் ரோஜாச் செடி விற்க வருவார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு முழ உயரத்துக்குச் செடி, அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ. பேரம் பேசி வாங்கி, அன்றைக்கு மாலையே தொட்டியில் வைத்து, ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, மறுநாளில் இருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்போம். முதல் வாரம் மொட்டு உதிரும். அடுத்த வாரம் இலை ஓரமெல்லாம் கருகும். ஒரு மாதத்தில் முள்ளுக் குச்சி மட்டும் நிற்கும். கடற்கரை ஊரில் ரோஜா வராது என்று நாமே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தொட்டியில் கற்றாழையை வைத்துவிடுவோம்.

வரும். நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம், கடல் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மாடியில் இப்போது ஒன்பது ரோஜாத் தொட்டி நிற்கிறது, மூத்த செடிக்கு ஆறு வயது. அதற்கு முன்னால் நாலைந்து செடியை நானே கொன்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் செடியைச் சித்திரை வெயிலில் தொட்டி மாற்றினேன், அதுவும் கடற்கரையில் இருந்து சாக்கில் அள்ளி வந்த மணலைக் கலந்து. பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "ஏம்ப்பு, இந்த மணல்ல கத்திரியே ஒழுங்கா வராது, ரோசா வருமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டது. நான் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு நாளில் செடி போய்விட்டது.

அப்புறம் புரிந்தது இதுதான்: நம்ம ஊரில் ரோஜா சாவது பெரும்பாலும் வேர் அறுந்ததாலோ நோயாலோ இல்லை, உப்பால். தண்ணீரில் உப்பு, மணலில் சிப்பிச் சுண்ணாம்பு, காற்றில் உப்புத் துகள். இந்த மூன்றையும் ஒதுக்கி வைக்க நமக்கு இருக்கிற ஒரே இடம் தொட்டி. தங்கச்சிமடத்துக்காரர்கள் இதே மணலில் மல்லிகை நாற்றுப் போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், ராமநாதபுரம் குண்டுமல்லி என்று மல்லிகைக்கு நம்ம மாவட்டத்தின் பெயரே இருக்கிறது. மல்லிகைக்கு ஒத்துக்கொண்ட மண் ரோஜாவுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். ரோஜா லேசான புளிப்புத் தன்மை உள்ள மண்ணைக் கேட்கும் செடி. மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பிஎச் அளவு 6-இல் இருந்து 6.5 வரை இருந்தால் அதற்குச் சந்தோஷம். அதனால் தோட்டம் இருந்தாலும் சரி, ரோஜாவைத் தொட்டியிலேயே வையுங்கள் என்பது என் கட்சி.

தண்ணீரை முதலில் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன்னால், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா மாதிரி இருக்கும், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் வருகிற ஒவ்வொரு தண்ணீரையும் ஒரு டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். 500-க்குக் கீழே காட்டினால் கவலை இல்லாமல் ஊற்றலாம். 500-க்கும் 1000-க்கும் நடுவில் இருந்தால் ஊற்றலாம், ஆனால் மாதம் ஒரு முறை மண்ணை அலசிவிட வேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறேன். 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ரோஜாவுக்குக் காட்டவே வேண்டாம். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் ஆயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். துணி துவைத்தால் நுரை வராத தண்ணீரை மீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெரு என்றால் அது நல்லது, ஆனால் குடிக்கிறதற்கே குடம் வரிசை வைக்கிற நாளில் ரோஜாவுக்கு ஊற்றினால் வீட்டில் சண்டை வரும், வர வேண்டியதுதான். ஊற்றுத் தண்ணீர் கிடைக்கிற ஊர் என்றால் அதையும் அளந்து பாருங்கள், கோடையில் ஊற்று கரித்துக்கொண்டு போகும். நான் நம்பி இருப்பது இரண்டை. ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்து மூடி வைக்கிற டிரம். இன்னொன்று ஏசித் தண்ணீர். கடலோர ஈரக்காற்றில் ஏசி இரவு முழுக்க ஓடினால் நல்ல கணிசமாகத் தண்ணீர் சொட்டும், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வெளியே தொங்குகிற அந்தக் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்தால் மூன்று, நான்கு தொட்டிக்குக் காணும். ஏசி இல்லாதவர்கள் அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து வைக்கலாம், களைந்தது நல்ல தண்ணீராக இருந்தால். உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம்.

ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மெஷின் குடிதண்ணீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாற்றுவது

வெளியூர்க்காரர்கள் எழுதுகிற குறிப்பில் 'குளிர்காலம்' என்று போட்டிருப்பார்கள். நமக்குக் காற்றை வைத்துத்தான் கணக்கு. வைகாசியில் இருந்து ஆவணி வரைக்கும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது தென்கடல் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் வரிசையில் இருக்கிறவர்களுக்கு உப்பு நேராக மாடிக்கு வரும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது வடகடல் பக்கம், தேவிபட்டினம், தொண்டி வரிசைக்கு அதே கதை. ராமேஸ்வரம் தீவில் இருந்தால் இரண்டும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில், தைப் பொங்கல் முடிந்து வாடை தணிந்ததில் இருந்து மாசி பாதி வரைக்கும் ஒரு நல்ல இடைவெளி கிடைக்கிறது. மழை நின்றிருக்கும், டிரம்மில் மழைத் தண்ணீர் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தொட்டி மாற்றுவதை அப்போதே முடித்துவிடுங்கள். பங்குனியில் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் பங்குனியில் வாங்கிவிட்டீர்கள் என்றால் பையோடு அப்படியே ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி நிழலில் வைத்துக் காப்பாற்றி, அடுத்த தையில் மாற்றலாம்.

ஏற்கெனவே தொட்டியில் இருக்கிற பழைய செடிக்கு மாற்றும் நேரம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், ஊற்றின தண்ணீர் நிற்காமல் அப்படியே அடியில் ஓடிவிடும், ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும், மண் மேலேயும் தொட்டியின் வெளிச்சுவரிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும். இதில் மூன்றாவது தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

தொட்டி

புதுச் செடிக்கு 10 அங்குலம், இரண்டு வயதுச் செடிக்கு 12 அங்குலம். சின்னச் செடியை எடுத்தவுடன் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் போகாத மண் ஈரமாகவே கிடந்து அழுகும். மானாமதுரையில் இருந்து வருகிற மண் தொட்டிதான் எனக்குப் பிடித்தது. வேருக்குக் காற்று கிடைக்கும், கச்சான் காற்றில் சாயாது. அதன் குறை, காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை வைத்துக்கொள்ளும், ஆனால் மாடியில் முதல் காற்றிலேயே உருளும், வெயிலில் சுவர் கொதித்து வேரை வேகவைத்துவிடும். சிமெண்ட் தொட்டி புதிதாக இருந்தால் சுண்ணாம்பு கசியும், ஒரு வாரமாவது தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டின பிறகு பயன்படுத்துங்கள்.

நம்ம ஊரில் மட்டும் சுலபமாகக் கிடைக்கிற இன்னொன்று மீன் பெட்டி, ஐஸ் போட்டு அனுப்புகிற அந்தத் தெர்மாகோல் பெட்டிதான். வெயிலில் வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க அதை மிஞ்ச முடியாது. அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டு, நாலு தடவை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டால் போதும். பார்க்க அழகாக இருக்காது, பூனையும் சில நாள் வந்து மோந்து பார்க்கும்.

மண் கலவை

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். 'ஊர் மணல்தானே, கடல் மணல் இல்லையே' என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கைப்பிடி மணலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சுர்ரென்று நுரைத்தால் அதில் சிப்பித் தூள் இருக்கிறது, அதாவது சுண்ணாம்பு. அது மண்ணின் புளிப்பைப் போக்கிக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் ரோஜாவால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். செம்மண் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

என் அளவு, கொத்தனார் வைத்திருக்கிற இரும்புச் சட்டியால்: செம்மண் நாலு சட்டி, நன்றாக மக்கிய மாட்டெரு மூன்று சட்டி, அலசின கோகோபீட் இரண்டு சட்டி, கரித்துண்டு ஒரு சட்டி. இதோடு ஒரு தொட்டிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. ஆட்டெரு நம்ம பக்கம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது சூடு, ஒரு வருஷமாவது கிடந்து மண்ணாகிப் போனதாக இருந்தால் மட்டும் போடுங்கள், அதுவும் இரண்டு சட்டிக்கு மேல் வேண்டாம். கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், தென்னை நாரில் அவ்வளவு உப்பு தங்கியிருக்கும். மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும்.

கரி என்றால் சீமைக் கருவேலங்கரி, நம்ம மாவட்டத்தில் மூட்டம் போடுகிற ஊர்களில் மூட்டையாகவே கிடைக்கும். நிலக்கடலை அளவுக்கு உடைத்து, ஒட்டியிருக்கும் சாம்பலைக் கழுவிவிட்டுப் போடுங்கள். சாம்பல் காரம். அடுப்புச் சாம்பலை ரோஜாவுக்குத் தூவுகிற பழக்கம் நம்ம வீடுகளில் உண்டு, மற்ற ஊரில் அது சரியாகக்கூட இருக்கலாம், இங்கே வேண்டாம். முட்டை ஓடு, எலும்புத் தூள், இரண்டும் அப்படியேதான். யூடியூபில் பார்த்து மாசக்கணக்கில் முட்டை ஓட்டை இடித்துச் சேர்த்து வைத்திருப்பவர்கள் என்னைத் திட்டலாம். ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கிற செடிக்கு மறுபடியும் சுண்ணாம்பா?

மாற்றும் நாள்

புதிதாக வாங்கி வந்த செடியை அன்றைக்கே மாற்றக் கூடாது. காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் ஐந்தாறு நாள் பையோடு இருக்கட்டும், வண்டியில் குலுங்கி வந்த களைப்பும் இடம் மாறின அதிர்ச்சியும் தீரட்டும். மாற்றுவதற்கு முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் நாலு மணிக்கு மேல் வேலையைத் தொடங்குங்கள், அப்போதுதான் செடிக்கு ஒரு முழு இரவு கிடைக்கும்.

தொட்டியின் ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வையுங்கள், வளைந்த பக்கம் மேலே. அது போதும். அடியில் நாலு அங்குலத்துக்கு ஜல்லி கொட்டினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்பிக்கைதானே தவிர உண்மை இல்லை, மண்ணுக்கான இடம்தான் குறையும். கலவையைப் பிசறிப் பார்த்தால் கையில் பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அந்தப் பதம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள்.

பையை இழுத்து உருவாதீர்கள். கத்தரிக்கோலால் பக்கவாட்டில் நெடுகக் கிழித்து, வாழை இலையைப் பிரிப்பது மாதிரிப் பிரித்து எடுங்கள். கையில் சணல் சாக்கைச் சுற்றிக்கொண்டால் முள் குத்தாது. இப்போது வேரைப் பாருங்கள். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும், ஏனென்றால் வண்டியில் வருகிற செடிகளில் நிறைய, ஆந்திராவில் கடியம் பக்கத்து நர்சரிகளில் இருந்து வருபவை, களிமண் உருண்டையில்தான் இருக்கும். அந்த உருண்டை காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. அதை அப்படியே நம்ம கலவைக்குள் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் சுற்றியிருக்கிற லேசான மண் வழியாக ஓடிவிடும், நடுவில் உருண்டை காய்ந்தே கிடக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் ஈரம், உள்ளே வேர் தாகத்தில் சாகும். அதற்காக மொத்தக் களிமண்ணையும் கழுவி வேரை வெறுமையாக்கினாலும் ஆபத்து. நான் செய்வது, ஒரு வாளி நல்ல தண்ணீரில் உருண்டையை இருபது நிமிடம் ஊறவைத்து, ஓரங்களில் விரலால் மெதுவாகக் கரைத்து, பாதிக்கு மேல் போனதும் நிறுத்திவிடுவது. நடுவில் தண்டோடு ஒட்டி இருக்கிற கைப்பிடி மண்ணைத் தொடுவதில்லை. தை மாதத்தில் மட்டும்தான் இந்த வேலை. மாசி ஆகிவிட்டது என்றால் உருண்டையில் நாலு பக்கமும் ஒரு குச்சியால் துளை போட்டுவிட்டு அப்படியே நடுங்கள்.

வெள்ளையாக, வெளிர் பழுப்பாக இருக்கிற வேர் நல்ல வேர். கறுத்து, நசுக்கினால் தோல் உரிந்து வருகிறதை வெட்டிவிடுங்கள். பைக்குள் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்ட வேரையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுத் தொட்டியிலும் அதே வட்டத்தைத்தான் போடும். கத்தரியை முன்னால் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு முடிச்சு, அதாவது தண்டு தடித்துக் கணு மாதிரி இருக்கிற இடம், மண்ணுக்கு மேலே ஒன்றரை அங்குலம் தெரிய வேண்டும். அதில் சுற்றின பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள், தண்டு பருக்கப் பருக்க அது கழுத்தை நெரிக்கும். செடியை நடுவில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் கலவையைப் போட்டு, தொட்டியைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் மண் தானாக இறங்கும். குத்திக் குத்தி அமுக்க வேண்டாம். விளிம்பில் இருந்து ஒன்றரை அங்குலம் காலியாக விடுங்கள், தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே. பிறகு அடியில் ஒழுகும் வரை மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஊற்றுங்கள்.

கடைசியாக, மனம் வராத வேலை. பூவையும் மொட்டையும் கிள்ளிவிட வேண்டும். காய்ந்த குச்சி, உள்பக்கம் பார்த்து வளர்கிற மெல்லிய கிளை, இவற்றையும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கவாத்து வேண்டாம், வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டினால் செடி எதை வைத்துப் பிழைக்கும்?

முதல் இருபது நாள்

முதல் வாரம் நிழல், ஆனால் வெளிச்சமான நிழல். எட்டாம் நாளில் இருந்து காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்றாம் வார முடிவில் காலை வெயில் ஐந்து மணி நேரத்துக்கு வரலாம். மதியத்துக்கு மேல் நம்ம ஊர் வெயில் ரோஜாவுக்குத் தேவையே இல்லை. மாடித் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், தளத்துச் சூடும் ஏறாது, ஓட்டையும் அடைக்காது.

விரலை இரண்டு கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை தொங்கியிருக்கிறது என்று பதறி மறுபடி மறுபடி ஊற்றுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கிற கொலை. வேர் வெட்டுப்பட்ட செடி மதியம் தொங்கத்தான் செய்யும், சாயங்காலம் நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. கீழ் இலை நாலைந்து மஞ்சளாகி உதிர்ந்தாலும் விட்டுவிடுங்கள். உரம் கண்டிப்பாகக் கிடையாது. பத்தில் இருந்து பதினைந்து நாளில் கணுவில் சிவப்பாக ஒரு துளிர் வெடிக்கும். அதைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷத்தில் உடனே டிஏபி உரத்தைத் தூவிய அனுபவமும் எனக்கு உண்டு, அந்தத் துளிர் மூன்றே நாளில் கருகியது.

அதற்குப் பிறகு

மாதம் ஒரு முறை அலசுவது என்று சொன்னேன் அல்லவா? தொட்டி கொள்கிற அளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, மழைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது, மெதுவாக ஊற்றி அடியில் ஓடவிடுங்கள். தேங்கின உப்பு அதோடு போய்விடும். கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெளியேறின உப்பையே செடி திரும்பக் குடிக்கும். தண்ணீர் தட்டுப்பாட்டில் இவ்வளவு முடியாது என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது.

காற்றுக்கு என் மருந்து கிடுகு. தென்னை ஓலையில் பின்னின கிடுகு இரண்டை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் காற்று வரும் திசையில் கட்டிவிட்டால் உப்பில் பாதி அதிலேயே தங்கிவிடும். தகரம், பலகை மாதிரி அடைத்துத் தடுத்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், கிடுகில் கொஞ்சம் இடைவெளி இருப்பதுதான் நல்லது. கச்சான் பலமாக அடித்த மறுநாள் காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். காலையில் மட்டும், இரவில் இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி வரும்.

உரத்தில் நினைவு வைக்க வேண்டியது, ரசாயன உரமும் ஒரு வகை உப்புதான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 போடுவதாக இருந்தால் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் போகாமல், ஈர மண்ணில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நான் அதைக் குறைத்துக்கொண்டு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் மீன் அமிலமும் என்று மாறிவிட்டேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, வாளியில் போட்டு மூடி, அவ்வப்போது கிளறி, ஒரு மாதம் நிழலில் வைத்தால் தேன் மாதிரி வடியும், நாற்றமும் போயிருக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து ஊற்றலாம். கருவாட்டுக் கழிவு, உப்புப் போட்ட மீன் கூடாது. மீன் கழுவின தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் வேண்டாம், எறும்பும் பூனையும் வந்து தொட்டியையே தோண்டிவிடும்.

கடல்பாசி உரமும் நல்லது, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெப்சி பாசி என்று சொல்கிறோமே, கப்பாஃபைகஸ், அதில் இருந்து எடுக்கிற சாறு பாட்டிலில் கிடைக்கிறது. லிட்டருக்கு இரண்டு மில்லி இலையில் தெளித்தால் துளிர் நன்றாக வரும். ஆனால் கரையில் ஒதுங்கின பாசியை அள்ளி வந்து தொட்டியில் போட்டால் அதோடு கடலும் வரும்.

இலை மஞ்சள், நரம்பு பச்சை என்று வந்தால் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கேளுங்கள். லிட்டருக்கு மூன்று கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் இலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சட்டையில் பட்டால் கறை போகாது.

பூச்சி என்று பார்த்தால் கோடையில் சிலந்திப்பேன், இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி இருக்கும், இலை தூசி படிந்தது போல வெளிறும். தண்ணீரை இலைக்கு அடியில் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் இலைப்பேன். இரண்டுக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு. கிளை நுனியில் இருந்து கறுத்துக்கொண்டே இறங்கினால் கறுப்புக்குக் கீழே, நல்ல பச்சை தெரிகிற இடத்தில் ஒரு அங்குலம் சேர்த்தே வெட்டுங்கள். யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், அது காத்திருக்காது.

ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து வீரியமாக ஒரு கிளை வந்தால் அது நீங்கள் வாங்கின ரோஜா இல்லை, வேருக்காக வைத்த காட்டு ரோஜா. வெட்டினால் திரும்ப வரும், மண்ணை விலக்கி அடியோடு பிய்த்துவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம், முதல் செடி என்றால் பன்னீர் ரோஜாவோடு தொடங்குங்கள். குச்சியில் இருந்தே வளரும், வெயிலைத் தாங்கும், மணம் கேட்கவே வேண்டாம். பெரிய பூ ஆசை எல்லாம் அடுத்த வருஷம்.

மழைக்காலத்தில் வேலை குறைவு, ஆனால் ஒரு வேலை முக்கியம். ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு தொட்டியின் ஓட்டையிலும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் என் மாடியில் செத்தது ஒரே ஒரு செடி, ஓட்டையில் வேர் அடைத்திருந்த செடி. மற்ற எல்லாம் அந்த மழைக்குப் பிறகு உப்பெல்லாம் கழுவப்பட்டு, மார்கழியில் அப்படிப் பூத்தன. தொட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைப்பதும் உதவும். கொசு வரும் என்பதால் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, திரும்பவும் ஒரு தை மாதம், செடியை வெளியே எடுத்து, வேர்க் கட்டியில் சுற்றிலும் ஒன்றரை அங்குலத்தைச் சீவிவிட்டு, அதே தொட்டியைக் கழுவி, புதுக் கலவையில் வைக்கலாம். எடுத்த பழைய மண்ணை மறுபடி எந்தத் தொட்டிக்கும் போடாதீர்கள், இரண்டு வருஷத்து உப்பு அதில் இருக்கிறது. தென்னை மரத்து அடியில் கொட்டுங்கள், அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.